காட்டுக் கடலையின் நோய் எதிர்ப்பு நம் வயலுக்கு வர ஏன் இத்தனை காலம் ஆனது?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். திண்டிவனம் பக்கம் 3 ஏக்கரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிறீர்கள். 55, 60 நாள் ஆனதும் டிக்கா இலைப்புள்ளி, துரு என்ற இரண்டு பூஞ்சை நோயும் சேர்ந்து வந்து, பிடுங்கும் நேரத்தில் செடியில் இலையே இருப்பதில்லை. காட்டுக் கடலைச் செடியில் இந்த இரண்டு நோயும் ஏறுவதில்லை என்று எங்கோ படித்திருக்கிறீர்கள். அப்படியென்றால் அதை நம் கடலையோடு கலந்து நோயே வராத விதையைக் கொடுக்க ஏன் இத்தனை வருஷம், அப்படிக் கலந்தது மரபணு மாற்றப் பயிர்தானே, அதைப் போட்டால் மருந்தடிப்பதை விட்டுவிடலாமா என்று மூன்று கேள்வி. மூன்றுக்கும் அடியில் ஒரு சந்தேகம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது: தீர்வு எங்கோ தயாராக இருக்கிறது, யாரோ கொடுக்காமல் வைத்திருக்கிறார்கள். அந்தச் சந்தேகத்துக்குத்தான் அதிகம் பதில் சொல்லப்போகிறேன்.

நான் 27 வருஷம் கடலையில் ரகம் உருவாக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உளுந்து, பச்சைப்பயறு பற்றிப் பக்கத்து அறைக்காரர்கள் செய்ததை எட்டிப் பார்த்த அளவுக்குத்தான் தெரியும். பூஞ்சைகளைப் பற்றி நோயியல்காரர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் நம் கடலைக்கு ஏன் எதிர்ப்பு இல்லை என்பது. நாம் பயிரிடும் கடலை இரண்டு காட்டு இனங்கள் தற்செயலாகக் கலந்ததால் வந்தது. அராக்கிஸ் டுரானென்சிஸ் ஒன்று, அராக்கிஸ் இபயென்சிஸ் இன்னொன்று. ஒவ்வொன்றிலும் 20 குரோமோசோம், அதாவது மரபணுக்களைத் தாங்கும் இழைகள். இரண்டும் சேர்ந்து, இரட்டித்து, 40 குரோமோசோம் உள்ள புதுச் செடி ஆனது. நடந்தது தென் அமெரிக்காவில், ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன். இபயென்சிஸ் இதுவரை பொலிவியாவின் தெற்கில் ஒரே ஓர் இடத்திலிருந்துதான் சேகரிக்கப்பட்டிருக்கிறது. அந்த மூலையில் நடந்த ஒரு கலப்பின் வாரிசுகள்தான் குஜராத்திலும் செனகலிலும் ஜார்ஜியாவிலும் உங்கள் 3 ஏக்கரிலும் இருப்பவை. புதுச் செடிக்கு 40 குரோமோசோம், சுற்றியுள்ள காட்டுச் சொந்தங்களுக்கு 20. அதனால் அதற்குப் பிறகு சொந்தங்களோடு இயல்பாகக் கலக்கவும் வழி அடைந்துபோனது. வீட்டை விட்டு ஒரே ஒரு துணிமூட்டையோடு கிளம்பியவன் மாதிரிதான். காயின் நிறம், கொடியின் படர்வு, பருப்பின் எண்ணெய் என்று வெளியே தெரியும் விஷயங்களில் மனிதர்கள் தேர்ந்து தேர்ந்து எத்தனையோ வகை செய்துவிட்டார்கள். உள்ளே சரக்கு குறைவு.

காட்டில் இருப்பவையோ 80 இனங்களுக்கு மேல். எல்லாமே பிரேசில், பொலிவியா, பராகுவே, அர்ஜென்டினா, உருகுவே ஆகிய நாடுகளில். இந்தப் பூஞ்சைகளும் அந்தப் பக்கத்துச் சரக்குதான். துரு 1969 வரை பெரும்பாலும் அமெரிக்கக் கண்டங்களிலேயே இருந்தது, அதன் பிறகுதான் ஆசியா, ஆப்பிரிக்கா முழுக்கப் பரவியது. இத்தனை ஆயிரம் ஆண்டு அந்தப் பூஞ்சைகளோடு மல்லுக்கட்டி வாழ்ந்த செடிகளிடம் தற்காப்பு இருப்பதில் வியப்பில்லை.

இனி கதையின் நாயகன். 1959ல் கிரெகோரி, கிராபோவிக்காஸ், பியெத்ரரெல்லி என்ற மூன்று பேர் பொலிவியாவின் ரோபோரே என்ற ஊர்ப்பக்கம் ஒரு காட்டுக் கடலையைச் சேகரித்தார்கள். அராக்கிஸ் கார்டனாசி என்ற இனம். அவர்கள் மூவரின் முதலெழுத்தைச் சேர்த்து ஜி.கே.பி 10017 என்று அந்தச் சேகரிப்புக்கு எண் கொடுத்தார்கள். அப்போது யாரும் டிக்காவுக்கு மருந்து தேடி அங்கே போகவில்லை, செடிகளைச் சேர்க்கத்தான் போனார்கள். அந்த ஒற்றைச் சேகரிப்பின் துண்டுகள் இன்று 30 நாடுகளில் 251 ரகங்களில் இருப்பதாக 2021ல் வந்த ஓர் ஆய்வு கண்டறிந்தது. பல ரகங்களில் அது இருப்பது அவற்றை உருவாக்கியவர்களுக்கே தெரியாது. விதை கைமாறிக் கைமாறிப் போனதில் வம்சாவளி தொலைந்துபோயிருந்தது.

சரி, 1959ல் கையில் கிடைத்த செடி நம் பக்கம் ரகமாக வந்தது 2000களின் தொடக்கத்தில். நடுவில் 40 வருஷம் என்ன செய்தார்கள்?

கடலையில் ஒரு கலப்பு செய்வதே கண் பூத்துப்போகும் வேலை. பூ விடியற்காலையில் விரியும், விரிவதற்குள்ளேயே தன் மகரந்தத்தாலேயே கருவுற்றுவிடும். அதனால் முதல் நாள் சாயங்காலம் மொட்டைப் பிரித்து, மகரந்தப் பைகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டும். மறுநாள் வெயில் ஏறுமுன் காட்டுச் செடியின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். மற்ற பயிரில் பூவுக்கு உறை மாட்டிவிட்டுக் காய் வரும்வரை காத்திருக்கலாம். இதில் பூவின் அடியிலிருந்து விழுது நீண்டு மண்ணுக்குள் இறங்கிவிடுமே, காய் பிடிப்பது அங்கேதான்! எந்த விழுது நாம் கலந்த பூவுடையது என்று தெரிய, அதில் வண்ண நூல் கட்டி வைப்போம். நூறு பூவில் கை வைத்தால் காய் நிற்பது கொஞ்சம்தான். அந்தக் காயிலும் ஒரு விதை, மிஞ்சினால் இரண்டு.

இப்படி விதை கிடைத்தாலும் கணக்கு இடிக்கும். நம் கடலை தன் 40ல் பாதியைக் கொடுக்கும், 20. காட்டுக் கடலை தன் 20ல் பாதி, 10. பிள்ளைக்கு 30. பத்துப் பத்தாக மூன்று தொகுதி, ஒழுங்காக ஜோடி சேர முடியாத கணக்கு. செடி பச்சைப் பசேலென்று வளரும், கொடி மாதிரிப் படரும், பூவும் பூக்கும். காய்க்காது. மலடு. இதைச் சரிசெய்யக் கோல்ச்சிசின் என்ற பொருளைத் தொட்டு வைத்துக் குரோமோசோமை இரட்டிக்க வைப்பார்கள், 30 என்பது 60 ஆகும். (நம் ஊரில் மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக் கிழங்கு, அதாவது செங்காந்தள், பயிரிட்டு விதையை விற்கிறார்களே, அந்த விதையிலிருந்து எடுப்பதும் இதே கோல்ச்சிசின்தான்.) 60 உள்ள செடி கொஞ்சம் காய்க்கும். பிறகு அதை மறுபடி மறுபடி நம் கடலையோடு கலந்து, தலைமுறை தலைமுறையாக வளர்த்தால், தேவையில்லாத காட்டுக் குரோமோசோம்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து 40க்கு வந்து நிற்கும். அமெரிக்காவில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1960களில் தொடங்கிய வேலை இது. நம் பக்கம் ஹைதராபாத் அருகே படான்செருவில் உள்ள இக்ரிசாட் என்ற சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் 1976ல் கடலையைக் கையில் எடுத்த பிறகு இங்கேயும் நடந்தது. இக்ரிசாட் கலப்புகளிலிருந்து சி.எஸ் 16 என்ற வரிசை (ரகமாக வெளியிடாமல் கலப்புக்கு வைத்திருக்கும் வகையை இப்படிச் சொல்வோம்) வந்தது, அதன் உடலில் கார்டனாசியின் துண்டு இருந்தது.

உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதிலும் இங்கேயே இருக்கிறது. இது மரபணு மாற்றப் பயிர் இல்லை. மகரந்தத்தால் கலந்தது, இந்தியச் சட்டப்படியும் அந்த வகையில் வராது. மரபணு மாற்றம் எது என்று பார்க்க வேண்டுமானால் சோயாவை எடுத்துக்கொள்ளுங்கள். சோயாத் துருவை எதிர்க்கும் ஒரு மரபணுவைத் துவரையிலிருந்து எடுத்து ஆய்வகத்தில் சோயாவுக்குள் செலுத்திக் காட்டினார்கள், 2016ல். துவரையும் சோயாவும் எந்தக் காலத்திலும் மகரந்தத்தால் கலக்காது. அதற்குத்தான் ஆய்வகம் தேவைப்பட்டது. கடலை விஷயத்தில் நடந்தது தூரத்துச் சொந்தத்தில் பெண் எடுத்த கதை, அவ்வளவே.

இப்போது நான் சொந்தமாகப் பட்டதைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் காட்டு ரத்தம் உள்ள வரிசைகள் சில என் பொறுப்பில் வந்தன. வயலில் அவற்றைப் பார்த்தால் மனசு நிறையும். பக்கத்துப் பாத்தியில் எல்லாம் கருகிக் கிடக்க, இவை மட்டும் கடைசி வரை பச்சையாக நிற்கும். பிடுங்கிப் பார்த்தால் தெரியும் சேதி. காய் சிறுத்து, நடுவில் இடுப்பு ஒடுங்கி, தோடு கட்டியாக, மேலே வலை பின்னின மாதிரி கோடுகள். காட்டுக் கடலையின் காயில் இரண்டு விதைக்கும் நடுவே கயிறு போல ஓர் இடைவெளி இருக்கும், அந்த ஞாபகம் பிள்ளைகளிடம் போகவில்லை. உடைத்துப் பார்த்தால் 100 கிலோ காயில் பருப்பு 60 கிலோ கூடத் தேறாது. ஒரு விவசாயியிடம் சோதனைக்குக் கொடுத்திருந்தேன். அவர் அறுவடைக் களத்தில் ஒரு காயை எடுத்துக் கடித்து உடைக்கப் பார்த்துவிட்டு, "சார், செடி உயிரோட இருக்கு, கடலைதான் செத்துப்போச்சு" என்றார். வியாபாரி மூட்டையைத் தொடக்கூட இல்லை. அந்த வரிசைகளைக் குப்பையில் போடவில்லை, ஆனால் ரகமாக வெளியிடுவது பற்றி அதன்பின் நான் வாய் திறக்கவில்லை.

காரணம் எளிது. எதிர்ப்பு தரும் மரபணு தனியாக வருவதில்லை, குரோமோசோமில் அதன் அக்கம்பக்கத்தில் இருப்பதெல்லாம் கூடவே வரும். கெட்டிக்காரச் சம்பந்தி தன் ஊர்சனம் மொத்தத்தையும் பந்திக்கு அழைத்து வருவதுபோல. அந்தக் கூட்டத்தைப் பிரிக்க ஒரே வழி, மறுபடி மறுபடி நல்ல ரகத்தோடு கலந்து, ஆயிரக்கணக்கான செடியில் துண்டு தற்செயலாகச் சின்னதாக அறுந்த ஒன்றைத் தேடுவது. அந்த அறுபடலும் எளிதில் நடக்காது. காட்டுத் துண்டும் நம் துண்டும் கொஞ்சம் வேறுபட்டிருப்பதால் அந்த இடத்தில் குரோமோசோம்கள் மாற்றிக்கொள்ளத் தயங்கும். டெக்சாஸில் இதே கார்டனாசியிலிருந்து வேர்முடிச்சு நூற்புழு எதிர்ப்பை எடுத்து 1999ல் கோன் என்ற ரகத்தை வெளியிட்டார்கள். நூற்புழு இல்லாத நிலத்தில் அதன் விளைச்சல் குறைவாகவே இருந்தது. மூன்று ஆண்டு கழித்து நெமாடாம் என்று அதைவிட நல்லதைக் கொடுத்தார்கள். அந்த எதிர்ப்பு இன்றைக்கும் ஒரு குரோமோசோமின் பெரும்பகுதியை இழுத்துக்கொண்டுதான் வருகிறது.

தேடுவதும் லேசில்லை. எந்தச் செடியில் எதிர்ப்பு இருக்கிறது என்று பார்க்க நோய் வர வேண்டும், நோய் வர மழை வேண்டும். மழை இல்லாத பட்டத்தில் எல்லாச் செடியும் நல்ல செடிதான். அதனால் வயலில் சில வரிசைக்கு ஒரு வரிசை நோயை நன்றாக வாங்கும் ரகத்தை நட்டு, அதில் நோயை ஏற்றி, மற்றவற்றுக்குப் பரவவிடுவோம். நோய் பரப்பி வரிசை என்போம். அந்த வேலைக்கு எங்கும் நட்ட ரகம் எது தெரியுமா? உங்கள் ஊர் டி.எம்.வி 2. குடியாத்தம் குத்துக் கடலையிலிருந்து தேர்ந்தெடுத்து 1940ல் வெளியிட்ட ரகம், தென்னிந்தியா முழுக்க அரை நூற்றாண்டு ஆண்டது, பருப்பும் எண்ணெயும் குறை சொல்ல முடியாது. டிக்காவையும் துருவையும் மட்டும் விருந்தாளி மாதிரி வரவேற்கும். ஒன்று முதல் ஒன்பது வரை நோய்க்கு மதிப்பெண் போடுவோம், ஒன்பது மோசம். டி.எம்.வி 2 எப்போதும் முதல் வகுப்பில் ஒன்பது.

கர்நாடகத்தின் தார்வாட் வேளாண் பல்கலைக்கழகத்தில் சி.எஸ் 16ஐ கே.ஆர்.ஜி 1 என்ற ரகத்தோடு கலந்து, அதிலிருந்து எடுத்ததுதான் ஜி.பி.பி.டி 4. டிக்காவும் துருவும் தாங்கும், காயும் பருப்பும் வியாபாரி கையில் வாங்கும் அளவுக்கு இருக்கும். நான் பார்த்தவரை இந்த இரண்டும் ஒரே செடியில் ஒழுங்காகச் சேர்ந்தது அங்கேதான். பின்னால் மரபணு வரைபடம் போட்டபோது காரணம் தெரிந்தது. கார்டனாசியின் எதிர்ப்பு இரண்டு குரோமோசோம்களில் சில துண்டுகளில் அடங்கியிருக்கிறது. டி.ஏ.ஜி 24 ரகத்தோடு ஜி.பி.பி.டி 4ஐக் கலந்த சந்ததிகளில், துருவுக்கான வேறுபாட்டில் 80 சதவீதத்துக்கு மேல் ஒரே ஓர் இடமே விளக்கியது. ஓர் இடம் என்று தெரிந்துவிட்டால் மழைக்காகக் காத்திருக்க வேண்டாம். நாற்றுப் பருவத்திலேயே ஒரு துண்டு இலையைக் கிள்ளிப் பரிசோதித்து, இருக்கிற செடியை வைத்துக்கொண்டு இல்லாததைப் பிடுங்கிவிடலாம். இக்ரிசாட்டில் ஐ.சி.ஜி.வி 91114, ஜே.எல் 24, டி.ஏ.ஜி 24 ஆகியவற்றில் இப்படித்தான் சேர்த்தார்கள், 2014ல் அந்த முடிவுகள் வந்தன. தார்வாடில் அந்த டி.எம்.வி 2விலேயே சேர்த்துக் காட்டிவிட்டார்கள். நோய் பரப்பி வரிசையில் நின்றவன் எதிர்ப்பு வரிசைக்கு வந்ததைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. முதல் 40 வருஷத்தில் நடந்ததை அடுத்த 10 வருஷத்தில் திரும்பச் செய்ய முடிந்தது இதனால்தான். முதல் 40 இல்லாமல் இரண்டாவது 10 கிடையாது.

மூன்றாவது கேள்வி, மருந்து. இதில் ஏமாற்றம் தர வேண்டியிருக்கிறது. கார்டனாசியே முழுக்க நோய் அண்டாத செடி என்று சொல்ல முடியாது, ஜி.பி.பி.டி 4 நிச்சயமாக இல்லை. இந்த எதிர்ப்பு என்பது வேகத்தைக் குறைப்பது. பூஞ்சை இலைக்குள் நுழையும், ஆனால் புள்ளி தெரிய அதிக நாளாகும், புள்ளி சின்னதாக இருக்கும், அதிலிருந்து கிளம்பும் வித்துகள் குறைவு. நோய் அடுத்த செடிக்கு, அதற்கடுத்த செடிக்கு என்று ஏறி உச்சத்தைத் தொடுவதற்குள் நீங்கள் பிடுங்கிவிடுவீர்கள். இரண்டு நோயும் சேர்ந்து கெடுத்தால் விளைச்சலில் பாதிக்கு மேல் போகலாம், 70 சதவீதம் வரை போனதும் உண்டு. எதிர்ப்பு ரகத்தில் அந்த அளவுக்குப் போகாது. இலை உதிராததால் காய்க்குச் சாறு கடைசி வரை போகும். விழுது அழுகிக் காய் மண்ணிலேயே தங்கிவிடுவதும் குறையும். நான் சொல்லாமல் விட்டால் உங்கள் வீட்டில் சொல்வார்கள், கொடி மாட்டுக்கு நல்ல தீனியாகக் கிடைக்கும்.

அதனால் மருந்தை அடியோடு விடுவது என்றில்லாமல், நாள்காட்டி பார்த்து அடிப்பதை விடுங்கள். 35ஆம் நாளிலிருந்து வாரத்துக்கு ஒரு தரம் அடியிலைகளைத் திருப்பிப் பாருங்கள். இலைக்கு மேலே மஞ்சள் வளையத்தோடு பழுப்புப் புள்ளி என்றால் முன்பருவ இலைப்புள்ளி. அடிப்பக்கம் கருப்பாகச் சொரசொரப்பாக இருந்தால் பின்பருவ இலைப்புள்ளி, நம் பேச்சில் டிக்கா என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறோம். அடிப்பக்கம் செங்கல்பொடி தூவினதுபோல் இருந்து, தேய்த்தால் விரலில் ஒட்டினால் துரு. துருப்பிடித்த இலை பெரும்பாலும் காய்ந்தாலும் உதிராமல் செடியிலேயே தொங்கும். இலை கொட்டினால் அது டிக்காவின் வேலை. எதிர்ப்பு ரகத்தில் மூன்று தெளிப்பு ஒன்றாகக் குறைவதைப் பல வயல்களில் பார்த்திருக்கிறேன். தொடர் மழை பெய்த பட்டத்தில் இரண்டு தேவைப்பட்டதையும் பார்த்திருக்கிறேன். உங்கள் மண்ணில் எது என்பதை 20 சென்டில் ஒரு பட்டம் போட்டுப் பார்த்து நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும். எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் வட்டார வேளாண் அலுவலரிடமே கேளுங்கள், நான் எழுதினால் ஊருக்கு ஊர் மாறிப்போகும்.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இனிச் சொல்வது என் கருத்து, கணிப்பும் கலந்தது. 251 ரகம் என்று கேட்டதும் பெருமையாக இருக்கிறது அல்லவா? எனக்குக் கூடவே கவலையும் வரும். அத்தனையிலும் இருப்பது ஒரே செடியின் துண்டுகள். இந்தப் பூஞ்சைகள் என்றாவது அந்த ஒரு பூட்டைத் திறக்கக் கற்றுக்கொண்டால், 30 நாட்டிலும் ஒரே சமயத்தில் கதவு திறக்கும். ஜி.பி.பி.டி 4 இருபது வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடித்திருக்கிறது, நோயை முழுக்கத் தடுக்காமல் மெதுவாக்கும் எதிர்ப்பு நீண்ட நாள் நிற்கும் என்பது பொதுவான அனுபவம். ஆனாலும் துருப் பூஞ்சைகள் கோதுமையில் எதிர்ப்பு ரகங்களை உடைத்துக் காட்டிய வித்தையை அறிந்தவர்கள் யாரும் நிம்மதியாகத் தூங்க மாட்டார்கள். அதனால்தான் ஸ்டெனோஸ்பெர்மா, மாக்னா, பாடிசோகோய் என்ற வேறு காட்டு இனங்கள் பக்கம் இப்போது வேலை திரும்பியிருக்கிறது. வழியும் மாறியிருக்கிறது. காட்டு இனங்கள் இரண்டை முதலில் தங்களுக்குள் கலந்து, 20ஐ 40 ஆக்கி, பிறகு நம் கடலையோடு சேர்க்கிறார்கள். 10,000 ஆண்டுக்கு முன் இயற்கை செய்ததையே வேறு பெற்றோரை வைத்துத் திரும்பச் செய்வது. மலட்டுப் பிள்ளை என்ற தொல்லை இதில் பெரும்பாலும் இருக்காது.

காட்டுச் செடியின் எதிர்ப்பைச் சாப்பிடலாமா என்று உங்கள் கேள்விக்குக் கீழே இன்னொருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி, கேலி செய்யக்கூடாது. இலை நோய் எதிர்ப்பில் எனக்குப் பயமில்லை, அது இலையில் நடக்கும் வேலை, இந்த ரகங்களை இத்தனை ஆண்டு மக்கள் சாப்பிட்டுவருகிறார்கள். விதையைத் தின்னும் பூச்சிக்கு எதிர்ப்பு என்றால் கதை வேறு. மடகாஸ்கரில் கிடைத்த டி.சி 1966 என்ற காட்டுப் பச்சைப்பயறைப் பயறு வண்டு தொடாது. அந்த எதிர்ப்பை நல்ல பயறுக்கு மாற்றினார்கள். பிறகு அந்தப் பயறுக்குள் விக்னாடிக் அமிலம் என்ற சேர்மங்கள் இருப்பதைக் கண்டார்கள். வண்டுக்கு ஆகாதது நமக்கு ஆகுமா என்பதைத் தனியாகப் பார்க்காமல் அப்படிப்பட்டதை அடுப்பில் ஏற்றக்கூடாது என்பது என் கட்சி. நம் ஊரிலேயே ஒரு நல்ல உதாரணம் புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் இருக்கிறது. வம்பன் 6 உளுந்து, வம்பன் 1ஐக் காட்டு உளுந்தோடு கலந்து வந்தது, மஞ்சள் தேமல் என்ற வைரஸ் நோயைத் தாங்கும். காட்டு உளுந்து நம் உளுந்தின் நேரடி மூதாதை, குரோமோசோம் எண் ஒன்றே. கடலையில் பட்ட பாட்டில் கால்வாசிகூடப் படவேண்டியதில்லை. கொண்டைக்கடலைக்கு அப்படி நெருங்கிய சொந்தங்கள் பெரும்பாலும் துருக்கியின் தென்கிழக்கில்தான். கிடைக்கும் இடம் அவ்வளவு சின்னது.

யாரோ வைத்துக்கொண்டு கொடுக்கவில்லை என்ற உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். நேற்றைய 40 வருஷத் தாமதத்துக்கு அது காரணமில்லை. 1959ல் பொலிவியாவில் எடுத்த விதை வட கரோலினாவுக்கும் படான்செருவுக்கும் தார்வாடுக்கும் எந்தக் கையெழுத்தும் காசும் இல்லாமல் போனது. பார்சலில் போட்டு அனுப்புவார்கள், அவ்வளவுதான். நாளைய விஷயத்தில் உங்கள் சந்தேகம் பாதி சரி. 1993ல் பல்லுயிர் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. தன் மண்ணின் செடி தன் சொத்து என்று ஒவ்வொரு நாடும் சொல்லும் உரிமை வந்தது. விதைப் பரிமாற்றத்தை எளிதாக்க 2004ல் ஒரு சர்வதேச ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது, ஆனால் அதன் பயிர்ப் பட்டியலில் நெல், கோதுமை, கொண்டைக்கடலை எல்லாம் இருக்க, நிலக்கடலையும் சோயாவும் இல்லை. காட்டுக் கடலைக்காக இன்று யாராவது ரோபோரே போக வேண்டுமென்றால் அனுமதிக் காகிதமே ஆளுயரம் இருக்கும். என் கூட்டாளிகளில் பலர் இதற்குச் சட்டத்தை மட்டும் திட்டுவார்கள். என்னால் முடியவில்லை. அந்த ஒற்றைச் செடியால் உலகம் முழுக்க விவசாயிகள் சம்பாதித்தார்கள், பொலிவியாவுக்கு என்ன போனது? அவர்கள் கதவைச் சாத்துவதில் நியாயம் இருக்கிறது. கதவு சாத்தியிருப்பதால் அடுத்த டிக்காவுக்கு நாம் தவிக்கப் போவதும் நிஜம். இரண்டையும் சேர்த்துத் தீர்க்கும் வழி என்னிடம் இல்லை.

கடைசியாக, அந்த மூன்று கேள்வியோடு கூடவே, நம் மலைகளில் காட்டுக் கடலை இருக்குமா, தேடிப் பார்க்கட்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். இருக்காது. ஓட்டல் தோட்டங்களில் புல்தரைக்குப் பதிலாக மஞ்சள் பூவோடு படரவிட்டிருப்பார்களே, அது கடலை இனம்தான், அராக்கிஸ் பின்டோய். அதுவும் பிரேசிலிலிருந்து கொண்டுவந்தது, நம் கடலையோடு கலக்காத தூரத்துச் சொந்தம். ஆனால் உளுந்து, பச்சைப்பயறு, துவரை ஆகியவற்றின் காட்டுச் சொந்தங்களுக்கு நம் நாடுதான் தாய்வீடு. அடுத்த முறை வரப்பு செதுக்கும்போது, மூன்று மடலாகப் பிரிந்த இலையோடு தரையோடு படரும் சின்னப் பயற்றுக்கொடி கண்ணில் பட்டால் உடனே கொத்திவிடாதீர்கள். நரிப்பயறாக இருக்கலாம். தேமலைத் தாங்கும் குணம் அதில் பதிவாகியிருக்கிறது, உளுந்தோடு கலப்பதுதான் கொஞ்சம் வம்பு. இலையும் காயும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துப் போடுங்கள், அதுதானா என்று பார்த்துச் சொல்கிறேன்.